வெயில் நாளில் எங்கே போகலாம்?

2023ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி அங் மோ கியோவில் வெப்பநிலை 37 டிகிரி செல்சியசைத் தொட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1983ஆம் ஆண்டு ஏப்ரலில், தெங்காவில் பதிவான அதே அளவு அது. அதுவரை சிங்கப்பூரில் பதிவான ஆக அதிக வெப்பநிலையும் அதுதான். அந்த மே மாதத்தில் சில பள்ளிகள் மாணவர்களை உடற்பயிற்சி உடையிலேயே வகுப்புக்கு வர அனுமதித்தன. உங்களில் சிலருக்கு அது நினைவிருக்கலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் இங்கே காற்று அடங்கிவிடும். இலை அசையாது. துவைத்துப் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆனால், அதைக் காயப்போட்டவரின் முதுகு நனைந்திருக்கும். நமது காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை உலரும்போதுதான் உடல் குளிரும். ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது. அதனால்தான், பாலைவன நாடுகளின் வெப்பநிலையோடு ஒப்பிட்டால் சிறிதாகத் தெரியும் நமது 33 டிகிரிகூட நம்மைச் சோர்வடைய வைத்துவிடுகிறது. 2023 ஜூலை முதல் வெப்ப அழுத்த நிலை குறைவா, மிதமா, அதிகமா என்று ‘மைஎன்வி’ செயலியில் பார்த்துக்கொள்ள முடிகிறது. வெப்பநிலையோடு ஈரப்பதம், வெயிலின் கடுமை, காற்றின் வேகம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சொல்லும் நிலை அது. மழை வருமா என்று பார்ப்பதைப் போல இதையும் பார்க்கும் பழக்கம் நமக்கு இன்னும் முழுமையாக வரவில்லை.

இத்தகைய ஒரு சனிக்கிழமை நண்பகலில் பல வீடுகளில் எழும் கேள்வி, “எங்கே போகலாம்?” என்பதுதான். பெரும்பாலும் பதிலும் ஒன்றுதான். கடைத்தொகுதி.

அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. கடைத்தொகுதி பெருவிரைவு ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கும். கழிவறை சுத்தமாக இருக்கும். தள்ளுவண்டியில் குழந்தையையும் சக்கர நாற்காலியில் தாத்தாவையும் தள்ளிச் செல்லலாம். யாரும் நுழைவுச்சீட்டு கேட்பதில்லை. ஆகவே, அங்கே கிடைக்கும் குளிர்ச்சி இலவசம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அது இலவசமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பந்துகள் நிறைந்த உள்ளரங்க விளையாட்டுக்கூடம் ஒரு பிள்ளைக்கு இருபது வெள்ளிக்கு மேல் கேட்பதுண்டு. இருவருக்கு நாற்பது. உணவு நிலையத்தில் ஆளுக்கு ஏழு வெள்ளி என்றால் முப்பத்தைந்து. இடையில் ஆளுக்கொரு குளிர்பானம். மின்படிக்கட்டின் அருகே நிற்கும் பொம்மை பிடிக்கும் இயந்திரத்தில் இரண்டு மூன்று முறை போட்ட காசு. மூன்று மணி நேரத்தில் தொண்ணூறு வெள்ளி செலவாகிவிடும். செலவு செய்யாமல் இருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம்தான். ஆனால், ஒவ்வொரு கடைவாசலிலும் “அம்மா, இது வேணும்” என்று கேட்கும் ஐந்து வயதுப் பிள்ளையிடம் இருபது முறை “வேண்டாம்” என்று சொல்லி, அந்தப் பிற்பகலை மகிழ்ச்சியாகக் கழிப்பது கடினம். பிள்ளையின் மீது தவறில்லை. கேட்க வைப்பதற்காகவே அந்தக் கடைகள் அப்படி அடுக்கப்பட்டுள்ளன.

வீட்டிலேயே இருந்துவிட்டால் என்ன? எல்லா வீடும் ஒன்றுபோல் இல்லை. குளிர்சாதனப் பெட்டி பொருத்திய அறையில் படிக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். மேற்குப் பக்கம் சன்னல் உள்ள ஓரறை வாடகை வீட்டில், ஒரே மின்விசிறியின் முன் மூன்று பேராக உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்யும் மாணவர்களும் இருக்கிறார்கள். பிற்பகலில் வெயிலை வாங்கிய கான்கிரீட் சுவர் இரவு நெடுநேரம் அதை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். குளிர்சாதன வசதி இருக்கும் வீட்டிலும் கட்டணம் என்று ஒன்று உண்டு. மின்சாரம் ஓர் அலகு ஏறத்தாழ முப்பது காசு என்று கொள்வோம். மணிக்கு ஓர் அலகு இழுக்கும் இயந்திரம் நாள்தோறும் ஆறு மணி நேரம் ஓடினால், ஓர் அறைக்கு மட்டும் மாதம் ஐம்பது வெள்ளியைத் தாண்டும். மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு இது சிறிய தொகையன்று.

எனவே, வெயில் நாளில் எங்கே போவது என்பது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று. பணம் உள்ளவருக்கு மட்டும் குளிர்ச்சி, இல்லாதவருக்கு வியர்வை என்று ஒரு நகரம் ஆகிவிடலாமா என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. ஆகிவிடக் கூடாது என்பது என் கருத்து. அப்படி ஆகாமல் இருப்பதற்குத் தேவையான இடங்களில் பல நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. நாம்தான் அவற்றுக்குப் போதுமான அளவு போவதில்லை.

வெயிலில் வருபவருக்கு நிழலும் நீரும் தருவதற்கு நம் முன்னோர் காசு கேட்டதில்லை. கோடைக்காலத்தில் சாலையோரம் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார்கள். பானையில் நீர்மோர் வைத்து, அந்த வழியாகப் போகும் யாருக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு முன்னால் திண்ணை கட்டி, முன்பின் தெரியாத வழிப்போக்கரும் உட்கார்ந்து இளைப்பாற இடம் வைத்தார்கள். தைப்பூசத்தின்போது தேங் ரோடு கோயிலுக்குச் செல்லும் வழியில் இன்றும் தண்ணீர்ப் பந்தல்களைப் பார்க்கிறோம்.

சிங்கப்பூரின் நகர அமைப்பிலும் இந்த எண்ணம் பழையது. 1822ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், தெருவோரக் கட்டடங்களின் முன்னால் மேற்கூரையுள்ள நடைவழி தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளுக்கு முன்னால் நாம் நடந்து செல்லும் ஐந்தடிப் பாதை அப்படி வந்ததுதான். கடை ஒருவருடையது, அதன் முன் உள்ள நிழலோ நடப்பவர் எல்லாருக்கும் உரியது. பின்னர் வந்த வீவக அடுக்குமாடிக் கட்டடங்களின் திறந்த கீழ்த்தளத்தையும் அதே வரிசையில் வைக்கலாம். இருபுறமும் சுவரில்லாததால் அங்கே காற்று தடையின்றிப் புகுந்து போகும். திருமணமும் நடக்கும், துக்கமும் நடக்கும், சதுரங்க ஆட்டமும் நடக்கும்.

கடும் வெயிலில் திறந்த கீழ்த்தளம் மட்டும் போதாது. அப்போதுதான் நூலகத்தின் நினைவு நமக்கு வர வேண்டும்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், நமது பொது நூலகங்களில் பல கடைத்தொகுதிகளுக்கு உள்ளேயே இருக்கின்றன. ஈசூனில் நார்த்பாயிண்ட், சிராங்கூனில் நெக்ஸ், கிளமெண்டியில் கிளமெண்டி மால், செங்காங்கில் கம்பஸ் ஒன், சுவா சூ காங்கில் லாட் ஒன், துறைமுக முகப்பில் விவோசிட்டி. இங்கெல்லாம் அதே மின்தூக்கியில் ஏறி, சரியான மாடிக்கான பொத்தானை அழுத்தினால் போதும். கீழே விலைச்சீட்டுகள். மேலே விலைச்சீட்டே இல்லாத ஓர் இடம். உறுப்பினர் அட்டை இல்லாதவரும் உள்ளே போய் உட்கார்ந்து படிக்கலாம். வெளியூரிலிருந்து வந்திருக்கும் பெரியம்மாவும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் இருக்கும் வெளிநாட்டு ஊழியரும்தான். பெரும்பாலான பொது நூலகங்கள் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும் என்பதால், வெயில் தணிந்த பிறகு மெதுவாக வீடு திரும்பலாம்.

தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், ஜூரோங், பொங்கோல் ஆகிய இடங்களில் உள்ள வட்டார நூலகங்கள் இன்னும் பெரியவை. பொங்கோல் வட்டார நூலகம் 2023இல் திறக்கப்பட்டது. அதே வளாகத்தில் உணவங்காடி நிலையமும் சமூக மன்றமும் இருக்கின்றன. தெம்பனிசில் நூலகத்தோடு நீச்சல் குளங்களும் உணவங்காடி நிலையமும் ஒரே வளாகத்தில் அமைந்திருக்கின்றன. விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் மத்தியப் பொது நூலகம் 2024 ஜனவரியில் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டது. அங்கே சிறுவர் பகுதி கடல்வாழ் உயிரினங்களையும் இயற்கையையும் மையமாகக் கொண்டு அமைக்கப்பட்டுள்ளது. அதே கட்டடத்தின் மேல்மாடிகளில் பார்வை நூலகம் இருக்கிறது. பழைய தமிழ் முரசு இதழ்கள் மின்னிலக்க வடிவில் கிடைக்கின்றன. நீங்கள் பிறந்த தேதியில் இல்லாவிட்டாலும், உங்கள் தாத்தா பிறந்த ஆண்டில் வெளிவந்த ஒரு செய்தித்தாளின் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். அதிலுள்ள விளம்பரங்களே ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும்.

நூலகத்துக்குக் குடும்பமாகப் போகத் தயங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள். “அங்கே பேசக் கூடாது, என் பிள்ளை சும்மா இருக்க மாட்டான்.” இது பழைய காலத்து எண்ணம். பெரியவர்கள் படிக்கும் பகுதியில் அமைதி வேண்டும்தான். சிறுவர் பகுதியோ சிறுவர்களுக்காகவே அமைக்கப்பட்டது. தரையில் உட்காரலாம், படுத்துப் படிக்கலாம், பாட்டி பேரனுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டலாம். கதைநேர நிகழ்ச்சி நடக்கும்போது அங்கே எழும் கூச்சலைக் கேட்டால், ‘நூலகத்தில் பேசக் கூடாது’ என்பவர்கள் வாயடைத்துப் போவார்கள்.

திரும்பி வரும்போது வெறுங்கையோடு வர வேண்டியதில்லை. ஓர் உறுப்பினர் பதினாறு நூல்களை மூன்று வாரங்களுக்கு இரவல் பெறலாம். நான்கு பேர் கொண்ட குடும்பம் அறுபத்து நான்கு நூல்களை எடுக்கலாம் என்று கணக்கு சொல்கிறது. தூக்கி வருபவர் யார் என்பது வேறு கேள்வி!

நூலகத்துக்கு அடுத்து அரும்பொருளகங்கள். 2013ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் தேதியிலிருந்து சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தேசிய அரும்பொருளகங்களின் நிரந்தரக் காட்சிக்கூடங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பத்தாண்டுகளுக்கு மேலாகியும், உள்ளே போக எவ்வளவு என்று தயக்கத்தோடு கேட்பவர்களை நான் சந்தித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இத்தகைய நல்ல செய்தி சில வீடுகளை எட்டவே இல்லை. எட்டியவர்களும், ‘அது படித்தவர்கள் போகும் இடம்’ என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

என் மாமியாரும் அப்படித்தான் நினைத்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. கேம்பல் லேனில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் பிள்ளைகளோடு போனபோது, “எனக்கு அங்க என்ன புரியப் போகுது? நான் கீழயே உட்கார்ந்திருக்கேன், நீங்க போயிட்டு வாங்க” என்றார். வெளியே வெயில் கொளுத்தியதால்தான் கூடவே மேலே வந்தார். பழைய சிராங்கூன் சாலையின் படம் ஒன்றின் முன் நின்றவர் நகரவே இல்லை. மிதிவண்டியில் பால் கொண்டுவந்து வாசலில் அளந்து ஊற்றிய பால்காரரைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினார். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம் என்று அவர் சொன்னபோது, அந்தப் பெயரைத் தாங்கிய மருத்துவமனையில் பிறந்த என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். படத்தின் கீழே எழுதியிருந்த விளக்கத்தை அன்று எங்களில் யாரும் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை.

அந்த நிலையத்தில் நான் விரும்பிப் பார்ப்பது செட்டிநாட்டிலிருந்து வந்த 19ஆம் நூற்றாண்டு மர வாசல். ஏறத்தாழ 5,000 நுண்ணிய செதுக்கல்கள் அதில் இருப்பதாகச் சொல்கிறார்கள். சிறு பிள்ளைகளிடம் “எண்ணிப் பார்” என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் பத்து நிமிடம் ஓய்வெடுக்கலாம். நிலையத்தின் கட்டடமும் சும்மா எழுப்பப்பட்டதன்று. வட இந்தியாவின் படிக்கிணறுகளை மனத்தில் கொண்டு அது வடிவமைக்கப்பட்டது. கடும் வெயிலிலிருந்து தப்பிக்க மக்கள் இறங்கிச் சென்று இளைப்பாறிய இடங்கள் அவை. வெயில் நாளில் போவதற்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் வேறு இருக்க முடியாது. பார்த்து முடித்ததும், சிறிது தூரம் நடந்தால் தேக்கா நிலையத்தில் குறைந்த விலையில் சாப்பிடலாம்.

தேசியக் கலைக்கூடத்தைப் பற்றியும் ஒரு சொல். ஓவியம் எங்களுக்குப் புரியாது என்பவர்கள்கூட அங்கே போகலாம். ஏனென்றால், முன்னாள் உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும்தான் இன்று கலைக்கூடமாகியிருக்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவர்கள் விசாரணைக்கு முன் காத்திருந்த சிறிய அறைகளில் இரண்டை இன்றும் பார்க்கலாம். பத்து வயதுத் தம்பியை அதற்குள் நிற்க வைத்துப் பாருங்கள்; ஒரு நிமிடத்தில் முகம் மாறிவிடும். 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி ஜப்பானியர்கள் சரணடைந்ததும், 1959இல் திரு லீ குவான் இயூ பிரதமராகப் பதவியேற்றதும் நகர மண்டபத்தில்தான். வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் படித்த பக்கத்துக்குள்ளேயே போய் நிற்பது போன்றது அது.

மேக்ஸ்வெல் சாலையில் உள்ள சிங்கப்பூர் நகர்க் காட்சிக்கூடத்துக்கும் கட்டணமில்லை. நகர மையத்தின் மிகப்பெரிய மாதிரி வடிவம் அங்கே இருக்கிறது. சாலைகளும் கட்டடங்களும் விரல் அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். எதிர்ப்புறத்தில் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம். கோல்மன் ஸ்திரீட்டில் சிறுவர்களுக்கென்றே ஓர் அரும்பொருளகம் இருக்கிறது. அதற்கு முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. சில இடங்கள் வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்கும். வாசல் வரை போய் வெயிலில் ஏமாந்து திரும்பாமல், புறப்படும் முன் இணையத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. ஒரு நாளில் ஓர் இடம் போதும். ஓர் இடத்திலும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. அரும்பொருளகத்துக்குப் போய் முதல் அறையிலிருந்து கடைசி அறை வரை ஒவ்வொரு பலகையையும் படித்து முடிக்க வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர்தான் பிள்ளைகளுக்கு அரும்பொருளகத்தின் மீது வெறுப்பை உண்டாக்குகிறார்கள். கட்டணம் கட்டிய இடத்தில் ‘கொடுத்த காசுக்குப் பார்க்க வேண்டுமே’ என்ற அவசரம் வரும். கட்டணமில்லாத இடத்தில் அந்த அவசரம் தேவையில்லை. மூன்று பொருள்களை நன்றாகப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். நான்காவது அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும்.

யார் அழைத்துப் போவது? சனிக்கிழமையும் வேலை பார்க்கும் பெற்றோர் பலர். உணவகத்தில், பேருந்தில், மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு வாரயிறுதி என்பது மற்றவர்களுக்கு உரியது. இங்கேதான் உயர்நிலைப்பள்ளி மாணவர்களாகிய உங்களைப் பற்றி நினைக்கிறேன். பதினான்கு வயதில் உங்களுக்கு ரயில் வழித்தடம் தெரியும். முன்பதிவு செய்யத் தெரியும். பாட்டியிடம் தமிழிலும் காவலரிடம் ஆங்கிலத்திலும் பேசத் தெரியும். மாணவர் சலுகைக் கட்டணம் உங்களுக்கு உண்டு. ஏழு வயதுக்குட்பட்ட தம்பி, தங்கைக்குப் பேருந்திலும் ரயிலிலும் கட்டணமே இல்லை. வீட்டில் யாரும் கேட்காமலே, “நாளைக்கு நான் தம்பியை நூலகத்துக்கு அழைச்சிட்டுப் போறேன், பாட்டி, நீங்களும் வாங்க” என்று சொல்லக்கூடியவர் நீங்கள்தான். இதைக் கடமையாக நான் உங்கள்மீது சுமத்தவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்வது அலுப்பான வேலை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால், வீட்டில் ஒரே கைப்பேசிக்கு இருவர் சண்டை போடுவதைவிட அது குறைவான அலுப்புதான்.

இதற்கு மறுப்பும் உண்டு. ‘பிள்ளைகளை எப்போதும் குளிர்சாதன அறையிலேயே வைத்திருந்தால் உடல் வெயிலைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும், ஓடி விளையாட வேண்டிய வயதில் கட்டடத்துக்குள் அடைப்பதா?’ என்று கேட்பார்கள். கேட்பது சரியே. சிங்கப்பூர்ப் பிள்ளைகளில் கிட்டப்பார்வை உள்ளவர்கள் மிகுதி. நாள்தோறும் இரண்டு மணி நேரமாவது பிள்ளைகள் வெளிப்புறத்தில் இருப்பது கண்களுக்கு நல்லது என்று சுகாதாரத் துறையினர் அறிவுறுத்துகிறார்கள். நான் சொல்வது நாள் முழுவதற்கும் அன்று. காலை பதினொரு மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை. காலையில் பூங்காவுக்குப் போங்கள். மாலையில் பந்து விளையாடுங்கள். நடுவில் இருக்கும் அந்த ஐந்து மணி நேரத்தில் கைக்குழந்தையும் எழுபது வயதுப் பாட்டியும் வெயிலில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

மற்றொரு மறுப்பு, குளிர்சாதன இயந்திரமே பூமியை மேலும் சூடாக்குகிறது என்பது. அதுவும் உண்மை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அது வெளியேதான் தள்ளுகிறது, மின்சாரமும் செலவாகிறது. அதனால்தான், நூறு வீடுகளில் நூறு அறைகளைக் குளிர்விப்பதைவிட, எப்படியும் குளிர்ந்திருக்கும் ஒரு பொதுக்கூடத்தில் நூறு குடும்பங்கள் சேர்ந்து உட்காருவது மேல் என்கிறேன். நூலகத்தின் குளிர்சாதனம் நாம் போனாலும் ஓடும், போகாவிட்டாலும் ஓடும். நாம் போகும்போது வீட்டில் உள்ள இயந்திரத்தை அணைத்துவிட்டுப் போனால்தான் இந்த வாதம் நிற்கும்.

இடங்கள் இருக்கின்றன என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். நாம் பார்த்த அரும்பொருளகங்களும் காட்சிக்கூடங்களும் பெரும்பாலும் நகர மையத்தில் இருக்கின்றன. ஜூரோங் வெஸ்ட்டிலிருந்தோ பாசிர் ரிசிலிருந்தோ சிறு பிள்ளைகளோடு போய்வர இரண்டு மணி நேரப் பயணம் ஆகிறது. பல அரும்பொருளகங்கள் மாலையில் சீக்கிரம் மூடிவிடுகின்றன. அங்கே தமிழில் விளக்கம் இன்னும் கூடுதலாக இருந்தால், என் மாமியாரைப் போன்றவர்கள் யாருடைய துணையும் இல்லாமல் போய்வருவார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவைச் சாப்பிட ஓர் ஓரத்தில் நான்கு மேசைகள் போட்டால், செலவுக்கு அஞ்சும் குடும்பம் அரை நாள் கூடுதலாகத் தங்கும். மே மாத இறுதியில் பள்ளி விடுமுறை தொடங்கும்போது வெயிலும் சேர்ந்தே வருகிறது. அந்த நான்கு வாரங்களிலாவது சமூக மன்றங்கள் தங்கள் குளிரூட்டப்பட்ட அறை ஒன்றைப் பிற்பகலில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். வாடகை வீடுகள் மிகுந்த வட்டாரங்களில் இதை முதலில் செய்ய வேண்டும் என்பேன். அங்கே உள்ளவர்களுக்கு ரயிலேறிப் போகும் கட்டணமும் ஒரு கணக்குதான். புதிதாகக் கட்டடம் எதுவும் எழுப்ப வேண்டியதில்லை. ஒரு சாவியும், சில தொண்டூழியர்களும், ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களும் போதும். அந்தத் தொண்டூழியர்கள் உங்கள் வயதினராகவும் இருக்கலாம்.

அதுவரை, வரும் சனிக்கிழமைக்கு நாம் போட வேண்டிய திட்டம் எளியது. ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி. பிள்ளைகளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும். அருகில் எந்த உணவங்காடி நிலையம் இருக்கிறது என்ற விவரம். பாட்டிக்கு ஒரு சால்வை கண்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே எவ்வளவு கொளுத்தினாலும், நூலகத்துக்குள் அரை மணி நேரத்தில் அவருக்குக் குளிரத் தொடங்கிவிடும்.